இருமலில் தொடங்கிய பாட்டு

சென்ற வாரம் வெண்கலத்தை வேன் கதவில் கை வைத்தபடி நிற்கவிட்டுவிட்டுப் போய்விட்டோம். ஏறினாளா இல்லையா என்று தெரியாமல் நீங்கள் என்னை எப்படியெல்லாம் திட்டியிருப்பீர்கள் என்பது எனக்குத் தெரியும். ஏறினாள். ஏறாமல் என்ன செய்வாள்? பெரியவன் "ஏறும்மா" என்றான், ஏறினாள். சின்னவள் "ஜன்னல் பக்கம் உக்காரும்மா" என்றாள், உட்கார்ந்தாள். இப்போதெல்லாம் அவளை யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் நகர்த்தி வைக்கலாம்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. வெண்கலம் என்பது அவள் பெயரல்ல, அவள் குரலுக்கு ஜனங்கள் வைத்த பெயர். கடைசி வரிசையில் தூங்குகிறவனையும் எழுப்பி உட்கார வைக்கிற குரல். அந்தக் குரலை நம்பி ஒரு குடும்பமே மேடை ஏறியது. அவள் பாடுவாள், மகன் கிட்டார், மகள் கீபோர்டு, வீட்டுக்காரர் டிரம்ஸ்.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் வீட்டுக்காரர் தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். போனவர் போனவர்தான். போன் அணைந்து கிடக்கிறது. டிரம்ஸ் வீட்டில் பெட்ஷீட்டைப் போர்த்திக்கொண்டு கிடக்கிறது.

அதற்குப் பிறகு வந்த நிகழ்ச்சிகளையெல்லாம் ஏதேதோ சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்தார்கள். இந்தக் கிராமத்துப் பாட்டு விழாவை மட்டும் தட்ட முடியவில்லை. போன வருஷமே ஒப்புக்கொண்டது.

வேனில் ஏறுவதற்கு முன்னால் பெரியவன் கேட்டதுதான் போன வாரத்துச் செய்தி. "இன்னிக்குக் கடைசிப் பாட்டு முடிஞ்சதும் மைக்லயே சொல்லிடும்மா. இதோட நம்ம குழு முடிஞ்சுதுன்னு. நீ சொன்னாத்தான் மரியாதையா இருக்கும்." அவனை மின்னல் குழுவில் கூப்பிட்டிருக்கிறார்கள். பெரிய மேடை, பெரிய பெயர். இன்றைய விழாவிலும் கடைசியில் மேடை ஏறப்போவது அவர்கள்தான்.

"சரி" என்றாள் வெண்கலம். முழுசாகக் கேட்டாளா என்பதே சந்தேகம். அவ்வளவு சுலபமாகச் சொன்னாள்.

விழா பள்ளிக்கூடத்து மைதானத்தில். புல்லை வெட்டி ஒரு ஓரமாகக் குவித்திருந்தார்கள். பலகை அடித்த மேடை, இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டிகள். பின்னால் வாசல் பக்கம் இருக்கிறவர்களுக்கும் கேட்க வேண்டும் என்று அங்கே ஒரு கம்பத்தில் இன்னொரு ஸ்பீக்கரைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளில் மதியமே கைக்குட்டை போட்டு இடம் பிடித்தாயிற்று.

பாட வந்தவர்களுக்கு ஒதுக்கிய அறை ஒன்றாம் வகுப்பு. அந்தக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தபோது வெண்கலத்தின் முழங்கால் மார்பு வரை வந்தது. எதிரே தீயணைப்பு நிலையத்துக்காரர்கள் பித்தளைக் குழல்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். மூலையில் ஒரு தையல்காரர் கண்ணாடி பார்த்து உதட்டில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். அவர் பாடமாட்டார், சீட்டி அடிப்பார். முழுப் பாட்டையும் சீட்டியிலேயே அடிப்பாராம். உதடு வறண்டால் ஆள் அவுட்.

விழாச் செயலாளர் அந்த ஊர்ப் பல் டாக்டர். கையில் ஒரு கோப்பை டீயோடு ஓடி வந்தார்.

"வாங்கம்மா, வாங்க. ஒண்ணும் பயப்படாதீங்க. வாயை மட்டும் நல்லாத் திறந்து பாடுங்க. அஞ்சே நிமிஷம், வலியே இருக்காது." சொன்ன பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. "மன்னிக்கணும். பழக்க தோஷம். உங்க வீட்டுக்காரர் வரலையா?"

"வெளியூர் போயிருக்காரு."

இந்தப் பொய் முதல் வாரத்தில் தொண்டையில் சிக்கியது. இப்போது வழவழவென்று வருகிறது. வெண்கலம் டீயை வாங்கி மடமடவென்று குடித்தாள்.

"ஐயோ அம்மா, கொதிக்குது! ஊதிக் குடி!" என்று சின்னவள் பாய்ந்து வந்து கோப்பையைப் பிடுங்கினாள். பாதி காலியாகியிருந்தது. "நாக்கு வெந்திருக்கும். காட்டு."

"ஒண்ணும் ஆகல."

"எப்படி ஆகாம இருக்கும்? எனக்குக் கையே சுடுது!"

வெண்கலம் மகள் முகத்தைப் பார்த்தாள். பாவம், பயந்திருந்தாள். ஏதாவது ஆறுதல் சொல்லலாம் என்று தேடினாள், ஒன்றும் கிடைக்கவில்லை.

சின்னவள் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "அண்ணன்கிட்ட சரின்னு சொல்லிட்டியாமே?"

"ஆமா."

"என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா உனக்கு?"

"தோணல."

"உன் குழும்மா இது. நீ பாடிப் பாடி உண்டாக்கினது. இதை மூடுறோம்னு உன் வாயாலயே சொல்லப் போற. அழுகையாவது வருதா?"

வெண்கலம் யோசித்தாள். கேட்டவளுக்கு உண்மையைச் சொல்ல வேண்டும் போலிருந்தது. "வரல. வந்தா சொல்றேன்."

சின்னவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

எல்லாரும் அவர் போன நாளிலிருந்துதான் வெண்கலம் இப்படி ஆகிவிட்டாள் என்று நினைக்கிறார்கள். அவளுக்குத்தான் தெரியும், அதற்கும் முன்னாலேயே மரத்துப்போனது. ஒரு வருஷமாகவே அவர் வீட்டில் இருந்தும் இல்லாதவராகத்தான் இருந்தார். "என்னங்க" என்று கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்பார். முதலில் கத்தினாள். பிறகு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அப்புறம் கூப்பிடுவதையே விட்டுவிட்டாள். அவள் பேச்சை நிறுத்தியதைக்கூட அவர் கவனித்த மாதிரி தெரியவில்லை. அன்றைக்கு மனசுக்குள் ஏதோ ஒன்று போதும் என்று எழுந்து போய்விட்டது.

ஊருக்கெல்லாம் கேட்கிற குரல், கட்டின மனுஷனுக்கு வேண்டாத குரலாகிவிட்டது. அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்த கணக்கு.

பெரியவன் உள்ளே வந்தான். அவன் கையில் ரிதம் பெட்டி. ஒரு மிதியை அழுத்தினால் தாளத்தை அது பார்த்துக்கொள்ளும். சின்னவள் காலடியில் சுருட்டி வைத்திருந்த கம்பளத் துண்டைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. டிரம்ஸ் வழுக்காமல் இருக்க அடியில் விரிக்கிற துண்டு அது.

"இதை எதுக்குடி தூக்கிட்டு வந்த?"

"நான் எடுக்கல. கை தானா எடுத்து வண்டியில போட்டிருக்கு. பழக்கம்."

"டிரம்ஸே இல்லாம கம்பளம் எதுக்கு? பெட்டியை உக்கார வைக்கவா?"

"வச்சுக்கோ. அதுக்கும் மரியாதை குடு. வீட்டுல ஒருத்தரைத் துரத்திட்டு வாங்கின பெட்டியாச்சே."

பெரியவன் குனிந்து பெட்டியின் வயரைச் சுற்ற ஆரம்பித்தான். அந்த அடி அவனுக்கு எங்கே விழும் என்பது தங்கைக்குத் தெரியும்.

அவர் போவதற்கு முந்தின நாள் ஒரு விருந்தில் பாடிவிட்டு எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். பெரியவன் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டான். "அப்பா, உங்க தாளம் ஓடுது. நாங்க பின்னாடியே ஓடி ஓடிச் சாகுறோம். பேசாம ஒரு மெஷின் வாங்கி வச்சுக்கலாம். அது ஓடாது." பந்தியில் அத்தனை பேரும் கையை நிறுத்திவிட்டார்கள். அவர் மட்டும் தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்து, "ஆமா, உப்பு கொஞ்சம் கம்மிதான்" என்றார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மனுஷன் எவ்வளவு நாசூக்காகத் தட்டிவிட்டார் பார் என்று மெச்சினார்கள். மறுநாள் காலையில் ஆள் இல்லை.

அன்றிலிருந்து பெரியவன் சரியாகத் தூங்குவதில்லை. மின்னல் குழுவுக்குப் போவதே அந்த வீட்டை விட்டு ஓடுவதற்காகத்தான். அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. நாம் சொன்னதாகவும் இருக்க வேண்டாம்.

வெளியே விழா களைகட்டிவிட்டது. பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாகப் பாடினார்கள். முதல் வரிசைக் குட்டிப் பெண் பாட்டை விட்டுவிட்டு அம்மாவுக்குக் கை காட்டிக்கொண்டே இருந்தாள், அதற்குத்தான் கைதட்டல் அதிகம். பிறகு முடிதிருத்துகிறவர் ஒருவர் வந்தார். முதுகில் டிரம், வாயில் மவுத்தார்கன், முழங்காலில் சலங்கை. ஒருத்தரே ஒரு முழு பேண்டு. குனிந்து நன்றி சொன்னபோது முதுகு டிரம் தானாக அடித்துக்கொண்டது. மைதானமே குலுங்கியது.

தையல்காரர் சீட்டி அடித்தபோது மட்டும் சத்தம் அடங்கியது. மெல்லிய காற்று மாதிரி ஒரு பாட்டு. ஓரத்தில் நின்ற சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வெண்கலமும் கேட்டாள். சுருதி சரியாக இருந்தது. மூச்சு விடுகிற இடமும் சரியாக இருந்தது. அதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் இல்லை.

தீயணைப்பு நிலையத்துக்காரர்கள் ஊதி முடித்ததும் பல் டாக்டர் ஓடி வந்தார். "அடுத்தது நீங்கதான். மூணு பாட்டு. அடுத்த பேஷண்ட், ச்சே, அடுத்த குழு காத்துக்கிட்டிருக்கு."

மேடை ஏறினார்கள். சாயங்கால வெயில் கண்ணில் நேராக அடித்தது. மைக்செட்காரர் ஸ்டாண்டில் இருந்த மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார். நடுவில் வெண்கலம், வலது பக்கம் பெரியவன், இடது பக்கம் சின்னவள். பின்னால் டிரம்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் கம்பளத்தின் மேல் ரிதம் பெட்டி. வேறு இடம் இல்லாமல் அங்கேதான் வைத்தார்கள்.

கூட்டம் அமைதியானது. பெரியவன் மிதிமேல் கால் வைத்தான். சின்னவள் கட்டைகள்மேல் விரலை வைத்தாள். வெண்கலம் மைக்கை உதட்டுக்கு நேராகத் திருப்பினாள்.

யாரும் தொடங்கவில்லை.

பெரியவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா சின்னவளைப் பார்த்தாள். சின்னவள் அண்ணனைப் பார்த்தாள். மூவரும் எதற்கோ காத்திருந்தார்கள். எதற்கு என்று மூவருக்குமே தெரியவில்லை. வீட்டில் ஒத்திகை பார்த்தபோது தடுமாறுகிற இடங்களை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்தார்களே தவிர, ஒரு பாட்டையும் முதலிலிருந்து தொடங்கிப் பார்க்கவில்லை. தொடங்குவதற்கு என்ன ஒத்திகை வேண்டியிருக்கிறது?

முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பல் டாக்டர் மேடை ஓரத்திலிருந்து வாயைத் திறக்கச் சொல்லிச் சைகை காட்டினார்.

அப்போது கூட்டத்துக்குள்ளிருந்து ஓர் இருமல் கேட்டது. முதலில் சின்னதாக ஒன்று. உடனே தொண்டையைச் செருமி நீளமாக இன்னொன்று.

பெரியவன் கால் மிதியை அழுத்தியது. சின்னவள் விரல்கள் இறங்கின. வெண்கலத்தின் வாய் திறந்து பாட்டு வெளியே வந்தது. மூன்றும் ஒரே நொடியில், கத்தி வைத்து வெட்டினாற்போல.

இரண்டு வரி பாடிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

இத்தனை வருஷமும் டிரம்ஸ் குச்சியைத் தட்டியதும் பாட்டு தொடங்குகிறது என்றுதான் அவர்கள் நினைத்திருந்தார்கள். அது இல்லை. குச்சிக்கும் முன்னால் அவர் இருமுவார். சின்னதாக ஒன்று, செருமி ஒன்று. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால். யாரும் வகுத்த ஏற்பாடில்லை, அவருக்கே தெரியாது. கேட்டிருந்தால் நான் எங்கே இருமினேன் என்று சண்டைக்கு வந்திருப்பார். அந்த இருமலுக்குத்தான் மூன்று உடம்பும் பழகிப்போயிருந்தது.

அவர் இங்கே இருக்கிறார்.

சின்னவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. விரல் ஓடிக்கொண்டிருந்ததால் துடைத்துக்கொள்ள முடியவில்லை. பெரியவனுக்கு முகம் வெளுத்துவிட்டது. வெண்கலம் பாடியபடியே நாற்காலி வரிசைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வெயில் கூசியதில் எல்லா முகமும் ஒரே முகமாகத் தெரிந்தது.

மூன்று மாதமாகத் தேடிய மனுஷன் கல்லெறியும் தூரத்தில் இருக்கிறார். நெஞ்சு படபடக்க வேண்டும். கோபமாவது வர வேண்டும். ஒன்றும் வரவில்லை. குரல் அது பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது, அவள் அதற்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

முதல் பாட்டு முடிந்தது. நல்ல கைதட்டல். பெரியவன் கிட்டார் கம்பியை முறுக்குவதுபோல அருகில் வந்து அவள் மைக்கை உள்ளங்கையால் பொத்தினான்.

"அம்மா, அவருதான?"

"அவருதான்."

"எங்க நிக்கிறாரு?"

"தெரியல."

"கடைசியில சொல்லச் சொன்னேனே... அதைச் சொல்லப் போறியா?"

"நீதான சொல்லச் சொன்ன?"

"அவரு இங்க இருக்காருன்னு எனக்கென்ன தெரியும்? அவரு முன்னாடி எப்படிம்மா? நீ சொல்லிட்டா அப்புறம் அவரு வீட்டுப் பக்கமே தலைவச்சுப் படுக்கமாட்டாரு."

"இத்தனை நாள் வந்து குந்திக்கிட்டா இருந்தாரு? இருக்கட்டும். ஊருக்குச் சொல்றதை அவரும் சேர்த்துக் கேட்டுக்கட்டும். தனியா ஒரு தடவை சொல்ற வேலை மிச்சம்."

"அம்மா..."

"போய் நில்லுடா. பாக்குறாங்க."

இரண்டாம் பாட்டுக்கு இருமல் வரவில்லை, வந்திருந்தாலும் அந்தக் கைதட்டலில் கேட்டிருக்காது. பெரியவன் "ஒண்ணு, ரெண்டு" என்று வாய்விட்டு எண்ணினான். அப்படியும் சின்னவள் அரை நொடி பிந்தித்தான் வந்தாள். மூன்றாவது பாட்டுக்கு எல்லாரும் ஓரளவு ஒத்துப்போனார்கள். கூட்டம் கூடவே கைதட்டியது. சின்னப் பிள்ளைகள் மேடைக்கு முன்னால் வந்து குதித்தார்கள். மேல் ஸ்தாயியில் அவள் நின்று இழுக்கிற இடத்தில் பல் டாக்டரே வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

பாட்டு முடிந்தது.

பெரியவன் வேண்டாம் என்று மெதுவாகத் தலையாட்டினான். சின்னவள் கீபோர்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெண்கலம் மைக்கை ஸ்டாண்டிலிருந்து கழற்றிக் கையில் எடுத்தாள். சொல்கிறேன் என்று சொன்னாயிற்று, சொல்லிவிட வேண்டியதுதான். அதில் என்ன பெரிய கஷ்டம் என்றுதான் அவளுக்கு இருந்தது.

"எல்லாருக்கும் நன்றிங்க. இந்த ஊரு எங்களுக்கு எப்பவும் நல்ல கை தட்டியிருக்கு. இன்னிக்கு உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். எங்க குழு..."

அப்போதுதான் பார்த்தாள். வாசல் பக்கம் கம்பத்துக்கு நேர் கீழே ஒரு முதுகு. வலது தோள் கொஞ்சம் இறங்கிய முதுகு, பெரிய டிரம்மை வருஷக்கணக்கில் அந்தத் தோளில் சுமந்ததால் இறங்கியது. அந்தத் தோளில் பை. கிளம்பிவிட்டார். பாட்டு முடிந்தது என்று பார்த்ததும் கிளம்பிவிட்டார்.

"என்னங்க!"

அவள் சொல்ல நினைத்தது அதுவல்ல. அதுதான் வந்தது. வெண்கலக் குரலில், அத்தனை ஸ்பீக்கரிலும்.

மைதானத்தில் இருந்த கல்யாணமான ஆண்களில் பாதிப் பேர் திரும்பினார்கள். முன்வரிசையில் ஒருவர் பதறி எழுந்தே விட்டார். "உங்களை இல்ல, உக்காருங்க," என்று அவர் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள். பலூன்காரர் "என்னம்மா?" என்று பதிலே சொன்னார். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

அந்த முதுகு மட்டும் திரும்பவில்லை.

இதோ, மறுபடியும். வீட்டில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்த அதே முதுகு. இத்தனை ஜனங்களுக்கு முன்னால்கூட ஒரு தடவை திரும்பினால் என்ன குறைந்துவிடும்? அவளுக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. மூன்று மாதத்தில் வந்த முதல் கோபம். கால் தானாக முன்னால் நடந்தது. மேடை விளிம்புக்கு வந்து, ஸ்பீக்கர் பெட்டிகளைத் தாண்டி, கையை நீட்டி, இன்னும் பலமாகக் கூப்பிட்டாள்.

"என்னங்க!"

மைக்கை வைத்துக்கொண்டு ஸ்பீக்கருக்கு முன்னால் போகக் கூடாது. பாடுகிறவர்களுக்கு இது அரிச்சுவடி. அவள் ஒருநாளும் செய்யாத தப்பு. ஸ்பீக்கர் தன் சத்தத்தைத் தானே கேட்டு வீறிட்டது. அப்படி ஒரு கூச்சல், இரும்பை இரும்பால் கீறினாற்போல. முன்னால் குதித்த பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். பல் டாக்டர் பொத்தினார். பலூன்காரர் பலூனை விட்டுவிட்டுப் பொத்தினார். மைதானம் முழுக்க எல்லார் கையும் காதுக்குப் போனது.

கம்பத்து ஸ்பீக்கருக்கு நேர் கீழே நின்றவரின் கை மட்டும் காதுக்குப் போகவில்லை. அவர் நிதானமாகத் தோள்பையைச் சரிசெய்துகொண்டார். பக்கத்தில் காதைப் பொத்தி நின்ற ஒருவரைப் பார்த்து, இவருக்கு என்ன ஆயிற்று என்பதுபோல ஒரு நொடி நின்றார். பிறகு வாசலைப் பார்த்து நடந்தார்.

மைக்செட்காரர் ஓடிப்போய் எதையோ திருகினார். கூச்சல் அடங்கியது. வெண்கலம் அசையவில்லை.

மேடையில் மூவரும் நிற்பதைக் கண்ணால் பார்த்துத்தான் இருமியிருக்கிறார். பாட்டைக் கேட்டு அல்ல. உப்பு கம்மி என்று சொன்னபோது பெரியவன் பேசியது அவருக்கு எட்டவே இல்லை. தாளம் ஓடியது, ஏனென்றால் அவருக்கு இவர்கள் வாசிப்பது கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் அந்த முதுகு. எத்தனை தடவை கூப்பிட்டாள், எத்தனை தடவை உள்ளுக்குள் சபித்தாள். அவர் திரும்பாதது அவளை வேண்டாமென்று அல்ல.

வலித்தது. நெஞ்சில் தொடங்கித் தொண்டை வரைக்கும் வலித்தது. கத்தி அழ வேண்டும் போல, யாரையாவது அடிக்க வேண்டும் போல, முக்கியமாகத் தன்னையே அடித்துக்கொள்ள வேண்டும் போல வலித்தது.

"அம்மா, என்னம்மா?" பெரியவன் ஓடி வந்து தோளைத் தொட்டான். "என்னாச்சு?"

"உங்கப்பாவுக்குக் காது கேக்கலைடா."

"என்ன?"

"காது கேக்கல. ஒரு வருஷமாக் கேக்கலடா அவருக்கு. நாம யாரும் பாக்கல."

மைக் அவள் கையில்தான் இருந்தது. யாரும் அணைக்கவில்லை. மைதானம் முழுக்கக் கேட்டது, வாசல் கம்பத்திலும் கேட்டது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். சின்னவள் கீபோர்டுக்குப் பின்னால் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவர் வெளியே போய்க்கொண்டிருந்தார். வாசலுக்கு எதிரே சாலையில் பஸ் ஒன்று எஞ்சின் ஓடியபடி நின்றது.

இந்தக் குரலை வைத்துக்கொண்டு இனி என்ன செய்ய? எவ்வளவு பலமாகக் கூப்பிட்டாலும் அவரை நிறுத்த முடியாது. ஓடிப்போய்க் கையைப் பிடித்தால்தான் உண்டு.

வெண்கலம் மைக்கைப் பெரியவன் கையில் திணித்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படிகளில் இறங்கி, நாற்காலிகளுக்கு நடுவே ஓடினாள். ஜனங்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். யாரோ பஸ்ஸைப் பார்த்து "நிறுத்துய்யா!" என்று கத்தினார்கள்.

அவர் பஸ் படியில் கால் வைத்து ஏறிக்கொண்டிருந்தார்.